ரத்தத்தில் இல்லை என்றார்கள், முதுகுத் தண்ணீரில் இருந்தது

என் வீட்டுக்காரர் டெய்லர். இருபத்தைந்து வருஷமாகக் கத்தரி பிடித்த கை. 2018 தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு சாயங்காலம் கடைக்குக் காபி எடுத்துப் போனேன், வெட்டு மேஜையில் ஒரு சட்டைத் துணி வெட்டிக் கிடந்தது. முன்பக்கம் இரண்டு, முதுகு, காலர், பட்டி எல்லாம் சரி. கை மட்டும் இரண்டுமே இடது கை. துணியை மடித்துப் போட்டு வெட்டினால் இந்தத் தப்பு வரவே வராது, மடிக்காமல் வெட்டினால் இரண்டாவதைத் திருப்பிப் போட வேண்டும் என்பது கடைக்குப் புதிதாக வரும் பையனுக்கே முதல் வாரத்தில் சொல்லிக் கொடுப்பது. "என்னங்க இது?" என்றேன். இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் என்ன தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை. தப்பாக வெட்டியதைவிட அதற்குத்தான் நான் பயந்திருக்க வேண்டும். அன்றைக்குப் பயப்படவில்லை. தீபாவளி வேலை, மூன்று நாளாகத் தூக்கம் இல்லை, அதனால்தான் என்று நினைத்து, அதே மாதிரி துணி வாங்கி வைத்துவிட்டு வந்தேன்.

அந்தச் சட்டைக்கும் அவருக்குச் சரியான மருந்து கிடைத்ததற்கும் நடுவில் எட்டு ஒன்பது மாதம் போனது. அதில் மூன்று வாரம், முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுக்கிற சோதனைக்கு நாங்கள் பயந்ததால் மட்டுமே போனது. அந்த மூன்று வாரத்தைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் எச்ஐவி இருக்கிறது. 2008இல் நம்பிக்கை மையத்தில் ரத்தம் கொடுத்துத் தெரிந்துகொண்டோம். எப்படி வந்தது, யாரிடமிருந்து யாருக்கு என்பதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் பேசி முடித்த விஷயம், அதை இங்கே எழுதப் போவதில்லை. அவருக்கு அப்போதே சிடி4, அதாவது எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை, 110தான், உடனே கூட்டு மருந்து ஆரம்பித்தார்கள். ஸ்டாவுடின் சேர்ந்த பழைய மருந்து. பாதம் எரியும், கன்னம் ஒட்டிப்போகும், அவருக்கு இரண்டுமே வந்தது. 2014இல் அந்த மருந்து கேட்கவில்லை என்று இரண்டாம் கட்ட மருந்துக்கு மாற்றினார்கள்: டெனோஃபோவிர், லாமிவுடின், கூடவே அட்டாசனாவிர், அதற்கு வலு சேர்க்க ரிட்டோனாவிர். அட்டாசனாவிர் சாப்பிட்டால் சிலருக்குக் கண்ணில் மஞ்சள் தட்டும். அது காமாலை கிடையாது, ரத்தத்தில் பிலிருபின் கொஞ்சம் கூடுவதுதான். ஆனால் பார்க்கிறவர்கள் எல்லோரும் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கச் சொல்வார்கள், நாங்களும் சரி என்று தலையாட்டிவிட்டு வருவோம். அந்த மருந்தில் உடம்பு நன்றாகத்தான் தேறியது. 2018இல்தான் எங்களைப் போல மருந்து எடுக்கிற எல்லோருக்கும் வைரல் லோட், அதாவது ரத்தத்தில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்று பார்க்கிற சோதனை செய்யத் தொடங்கினார்கள், அவருக்கும் எடுத்தார்கள். கண்டறிய முடியாத அளவு என்று வந்தது. சிடி4 480. அன்றைக்கு வரும் வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தோம்.

அந்த ரிப்போர்ட்தான் பிறகு எங்கள் கண்ணை மறைத்தது. தீபாவளி முடிந்தும் தப்புகள் நிற்கவில்லை. அளவு எடுத்து நோட்டில் எழுதுவார், எழுதிய நோட்டு எங்கே என்று கேட்பார். வாடிக்கையாளர் பேசிக்கொண்டே இருப்பார், இவர் பதில் சொல்ல அரை நிமிஷம் ஆகும், கேட்கவில்லையோ என்று அவர்கள் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்கள். ஊசியில் நூல் கோக்கக் கை நடுங்கியது. நடை மாறியது, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டு நடந்தார். கோபம் வராத மனுஷன் கோபப்பட்டார் என்றால்கூட எனக்குப் புரிந்திருக்கும், இவருக்கு எதிலுமே எதுவும் தோன்றாமல் போனது. மகள் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து காலில் விழுந்து கும்பிட்டபோது சும்மா நின்றார். அவள் அழுதுகொண்டே உள்ளே போனாள்.

ஒரு டாக்டர் மனச்சோர்வு என்றார், மாத்திரை கொடுத்தார், ஒரு மாதம் சாப்பிட்டும் மாற்றம் இல்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மாமியார் சொன்னார். நான் மாத்திரையின் பக்க விளைவு என்று நினைத்தேன், அதற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு எஃபாவிரென்ஸ் சேர்ந்த மருந்து ஆரம்பித்தபோது முதல் மூன்று வாரம் தலை கிறுகிறுக்கும், தூங்கினால் சினிமா மாதிரி தெளிவான கனவுகள் வரும், காலையில் எது நடந்தது எது கனவு என்று குழம்பும். ராத்திரி படுக்கும்போது போடுங்கள், போகப் போகச் சரியாகும் என்றார்கள், சரியானது. அதே மாதிரி இவருக்கும் ஆகும் என்று காத்திருந்தேன். இவர் மருந்தில் எஃபாவிரென்ஸே கிடையாது என்பதையும், நாலு வருஷமாக ஒத்துக்கொண்ட மாத்திரை திடீரென்று இப்படிச் செய்யுமா என்பதையும் நான் யோசிக்கவில்லை.

மாதாமாதம் மாத்திரை வாங்கும் நாளில் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு நானே புத்தகத்தைக் கொடுத்து வாங்கி வந்துவிடுவேன், அதுவும் என் தப்பு. 2019 மே மாதம் கூட்டு மருந்து கொடுக்கிற ஏஆர்டி மையத்தில், ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் தங்கச்சிதான், "அண்ணனை உள்ளே கூட்டிட்டு வாங்கக்கா, பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றார். உள்ளே வந்தவரிடம் தேதி கேட்டார், பிறகு ஒன்றும் பேசாமல் எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தார்.

டாக்டர் அங்கேயே உட்கார்ந்து ஒரு சின்னச் சோதனை செய்தார். நாய், தொப்பி, அவரைக்காய், சிவப்பு என்று நாலு வார்த்தை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பேன் என்றார். பிறகு கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகத் தட்டச் சொன்னார், ஐந்து விநாடி. பிறகு கையை மேஜைமேல் முஷ்டியாக, விரித்து, பக்கவாட்டில் என்று மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார். முஷ்டியாக வைத்தவர் அடுத்தது என்ன என்று என் முகத்தைப் பார்த்தார். கடைசியில் அந்த நாலு வார்த்தையைக் கேட்டபோது "சிவப்பு" என்று ஒன்றைச் சொன்னார். மொத்தம் 12 மதிப்பெண், பத்தோ அதற்குக் கீழோ இருந்தால் மேலே பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார், இவர் ஐந்து. மொத்தமே ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு மாதமாக நான் பூசாரி, டாக்டர், சொந்தக்காரர் என்று அலைந்தது அந்த ஐந்து நிமிஷத்தில் வெளிச்சமானது.

எம்ஆர்ஐ எடுக்கணும், எல்.பி. செய்யணும் என்று எழுதிக் கொடுத்தார். எல்.பி. என்றால் முதுகுத் தண்டில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுப்பது. நாங்கள் எம்ஆர்ஐ எடுத்தோம். எல்.பி. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

மாமியார் ஒரேயடியாக மறுத்தார். "முதுகுல ஊசி குத்தி தண்ணி எடுத்தா காலு வெளங்காமப் போயிரும்டா" என்று மகனைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் ஊரில் யாருக்கோ அப்படி ஆனதாம். எனக்கும் உள்ளே அதே பயம்தான், மாமியார்மேல் பழியைப் போட்டுவிட்டு நானும் ஒதுங்கிக்கொண்டேன். ரத்தத்தில்தான் கிருமியே இல்லையே, பிறகு எதற்கு முதுகில் குத்த வேண்டும் என்றும் ஒரு நினைப்பு. கவுன்சிலர் தங்கச்சி மூன்று தடவை போன் செய்தார், "யோசிச்சுச் சொல்றோம்மா" என்றேன். இருபத்தியொரு நாள் யோசித்தோம்.

இருபத்தியிரண்டாவது நாள் காலையில் கடையில் மிஷின்மேல் சரிந்து வலிப்பு வந்தது. கால் பெடலில் மாட்டி, வாயில் நுரை தள்ளி, ஒரு பக்கக் கை இழுத்துக்கொண்டு. பக்கத்துக் கடைக்காரர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். அதெல்லாம் உதவாது, ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆபத்து, எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே நடந்த இரண்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று, நான் மறைக்காமல் எச்ஐவி மருந்து சாப்பிடுகிறார் என்று டூட்டி டாக்டரிடம் தனியாகச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் அது வராண்டா முழுக்கத் தெரிந்தது, கட்டிலை ஓரமாகத் தள்ளி ஒரு காகிதம் ஒட்டினார்கள். இது சட்டப்படி தப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. 2017இல் போட்ட எச்ஐவி எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது, தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது, நம் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லவும் கூடாது. அவ்வளவு அவமானப்பட்டும் சொல்கிறேன், டாக்டரிடம் மருந்துப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். காரணம் இரண்டாவது விஷயம். வலிப்பு நிற்க ஃபெனிடாயின் என்ற மருந்து ஏற்றினார்கள். வலிப்பும் நின்றது. ஆனால் அந்த மருந்து கல்லீரலை முடுக்கிவிட்டு எச்ஐவி மாத்திரைகள் பலவற்றைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும், ரத்தத்தில் மருந்து அளவு இறங்கிவிடும். கார்பமசெபின் மாத்திரையும் அப்படித்தான். ஏஆர்டி டாக்டர் போனில் கேட்டதும் முதல் வேலையாக அதை லெவெடிராசிட்டம் ஆக மாற்றச் சொன்னார், அது எச்ஐவி மருந்தோடு மோதாது. எங்கள் மாதிரி வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்தால் லெவெடிராசிட்டம் என்ற இந்த ஒரு பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏஆர்டி மையத்துக்கு அன்றைக்கே தகவல் சொல்லுங்கள்.

மறுநாள் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு மாற்றினோம். இந்த முறை எல்.பி.க்கு மாமியாரைக் கேட்கவில்லை. கையெழுத்துப் போடும் முன்னால் அங்கிருந்த பி.ஜி. டாக்டரம்மாவிடம் காலு போய்விடுமா என்று நேரடியாகக் கேட்டேன். அவர் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி என் முதுகிலேயே தொட்டுக் காட்டினார். தண்டுவடம் விலா எலும்பு முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடுகிறது, ஊசி போடுவது அதற்கும் நாலு விரல் கீழே, இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு நேராக. அந்த இடத்தில் தண்ணீரில் மிதக்கிற நரம்பு இழைகள்தான் இருக்கும், ஊசி போனால் விலகிக்கொள்ளும். "தண்ணி கொறஞ்சிடும்னு பயப்படாதீங்கம்மா, நாம எடுக்கப்போறது பத்து மில்லி. மொத்தமே 150 மில்லிதான் இருக்கும், ஆனா உடம்பு ஒரு நாளைக்கு அரை லிட்டர் சுரக்குது" என்றார். அரை மணி நேரத்தில் சுரந்துவிடுகிற தண்ணீருக்காக மூன்று வாரம் தள்ளிப்போட்டோம் என்று நினைத்தபோது நெஞ்சு அடைத்தது.

நான் தலைமாட்டில் நின்றேன். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, தாடையை நெஞ்சில் படவைத்து, குழந்தை கருவில் சுருண்டிருப்பது போல் வளைத்துப் பிடித்துக்கொண்டார்கள். வளைந்தால்தான் எலும்புகளுக்கு நடுவே இடம் கிடைக்கும். மரத்துப்போகிற ஊசி முதலில் போட்டார்கள், அது சுருக்கென்று எறும்புக் கடி மாதிரி. அடுத்தது நீளமான மெல்லிய ஊசி. உள்ளே போனதும் நடுவில் இருந்த கம்பியை உருவினார், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. குழாய்த் தண்ணீரைவிடத் தெளிவு. முதலில் ஒரு கண்ணாடிக் குழாயை நேராகப் பிடித்து அழுத்தம் பார்த்தார்கள், பிறகு சின்னச் சின்ன பாட்டில்களில் பிடித்தார்கள். இருபது நிமிஷம். இரண்டு நாள் உட்கார்ந்தால் தலை வலித்தது, படுத்தால் நின்றது, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், மூன்றாம் நாள் போய்விட்டது. கால் வழக்கம்போலத்தான் இருந்தது.

அந்தத் தண்ணீரில் நிறையப் பார்த்தார்கள். காச நோய்க் கிருமி இருக்கிறதா, கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை இருக்கிறதா, சிஃபிலிஸ் இருக்கிறதா, எதுவும் இல்லை. ஆனால் வெள்ளணுக்கள் கூடியிருந்தன, புரதம் கூடியிருந்தது. எம்ஆர்ஐயிலும் மூளையின் வெள்ளைப் பகுதியில் இரண்டு பக்கமும் பூசினாற்போல ஒரு வெளுப்பு. அப்போதுதான் ஏஆர்டி டாக்டர் அந்தத் தண்ணீரிலேயே வைரல் லோட் பார்க்கலாம் என்றார். அது வழக்கமாகச் செய்கிற இலவசச் சோதனை இல்லை, வெளி லேபுக்கு அனுப்பினோம், கடையின் இரண்டு மாத வாடகை அதற்குப் போனது. அன்றைக்கே எடுத்த ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவு. முதுகுத் தண்ணீரில் ஒரு மில்லிக்கு 8,400.

ஒரே உடம்பில் இரண்டு கணக்கு எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை. டாக்டர், டெய்லர் வீட்டுக்காரிக்குப் புரிகிற மாதிரி, மூளைக்கும் ரத்தக் குழாய்க்கும் நடுவில் நெருக்கமாக நெய்த துணி மாதிரி ஒரு தடுப்பு இருக்கிறது என்றார். கண்டது எல்லாம் மூளைக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. ஆனால் எச்ஐவி, தொற்று வந்த முதல் சில வாரங்களிலேயே, ரத்த அணுக்களுக்குள் ஒளிந்துகொண்டு அந்தத் துணியைத் தாண்டிவிடுகிறது. உள்ளே போய் நரம்பு செல்லைப் பிடிப்பதில்லை, நரம்புகளைக் காவல் காக்கிற செல்களைப் பிடித்துக்கொள்கிறது, அவை கக்குகிற நச்சிலும் வீக்கத்திலும் நரம்பு கெடுகிறது. பெரும்பாலானவர்களுக்குக் கூட்டு மருந்து மூளையிலும் கிருமியை அடக்கிவிடுகிறது. மருந்து இல்லாத காலத்தில் நோய் முற்றியவர்களிடம் அடிக்கடி பார்த்த மறதி நோய் இன்றைக்கு அபூர்வமாகிவிட்டதற்கு அதுதான் காரணம். இவர் விஷயத்தில் மூன்று மருந்துமே அங்கே பலவீனம். லாமிவுடினுக்கு இவர் கிருமி பழைய மருந்து தோற்றபோதே பழகிவிட்டிருந்தது. டெனோஃபோவிரும் அட்டாசனாவிரும் ரத்தத்தில் வேலை செய்கிற அளவுக்கு அந்தத் துணியைத் தாண்டிப் போவதில்லை. ஆக ரத்தத்தில் அடங்கிய கிருமி மூளைக்குள் தனியாகப் பெருகிக்கொண்டிருந்தது. இது எல்லோருக்கும் வருவதில்லை, அரிது, ஆனால் இவரைப் போல ஒரு மருந்து தோற்று இரண்டாம் கட்டத்துக்கு வந்தவர்களிடம் நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்டார். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறார்?" வேற ஒன்றும் இல்லை என்றேன். கேஸ் மாத்திரை? ஆமாம், அது தினமும் காலையில், ஒன்றரை வருஷமாக, மெடிக்கல் கடையில் நாங்களே வாங்குவது, பேண்டோபிரசோல். அதை மருந்து என்றே நாங்கள் நினைக்கவில்லை. அட்டாசனாவிர் கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும், சாப்பாட்டோடுதான் போட வேண்டும், கேஸ் மாத்திரை அமிலத்தை நிறுத்திவிட்டால் மருந்து பாதிகூட ரத்தத்தில் சேராது. அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றார். இப்போது நிறையப் பேருக்குக் கொடுக்கிற டொலுடெகிராவிருக்கு இந்தக் கேஸ் மாத்திரையால் பிரச்சினை இல்லை, ஆனால் கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை, ஜெலுசில் மாதிரி டானிக் இவற்றோடு மோதும். டொலுடெகிராவிரை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மணி நேரம் கழித்து. நான் இப்போது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும், சித்த மருந்துப் பொடி உட்பட, அள்ளிப் போட்டுக்கொண்டு போய் மேஜைமேல் கொட்டிவிடுகிறேன்.

மருந்தை மாற்றுவதற்கு மாநில நிபுணர் குழுவின் ஒப்புதல் வர வேண்டியிருந்தது. முதுகுத் தண்ணீரில் இருந்த கிருமி எந்தெந்த மருந்துக்குப் பழகியிருக்கிறது என்றும் பார்த்தார்கள். டொலுடெகிராவிர், டாருனாவிர் ரிட்டோனாவிர், அதோடு ஜிடோவுடின், லாமிவுடின். ஜிடோவுடின் பழைய மருந்து, ஆனால் மூளைக்குள் நன்றாகப் போகும். ரத்தச் சோகையைக் கொண்டுவரும் என்பதால் முதல் இரண்டு மாதம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்தார்கள், 12இலிருந்து 10.5 வரை இறங்கி அங்கேயே நின்றது.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் ராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான், இருபத்தாறு வயது. தனக்குத் தொற்று இருப்பதே தெரியாமல், சிடி4 30க்கு இறங்கி, கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை மூளை உறையைப் பிடித்துத் தலைவலியோடு வந்தவன். அந்தத் தலைவலியை நான் பார்த்தேன். சுவரில் தலையை முட்டிக்கொள்வான், வாந்தி எடுப்பான், லைட் போடக் கூடாது. பூஞ்சையால் முதுகுத் தண்ணீர் வடிகிற வழி அடைத்து உள்ளே அழுத்தம் ஏறுவதால் வருவது. அவனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில நாள் தினமுமே எல்.பி. செய்து இருபது இருபத்தைந்து மில்லி எடுத்துவிடுவார்கள். ஊசியை எடுத்து அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து அம்மாவிடம் இட்லி கேட்பான். எந்த ஊசிக்குப் பயந்து நாங்கள் ஓடினோமோ அதே ஊசியை அந்தப் பையன், "எப்ப போடுவீங்க சிஸ்டர்" என்று கேட்டுக் கேட்டுப் போட்டுக்கொண்டான்.

அவன் அம்மாவுக்கு வேறொரு கவலை. எச்ஐவி என்று தெரிந்தும் கூட்டு மருந்து ஏன் ஆரம்பிக்கவில்லை, ஏமாற்றுகிறார்களா என்று என்னிடம் கேட்பார். பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த உடனே ஆரம்பிப்பார்கள், மூளையில் இந்தப் பூஞ்சை இருக்கும்போது நாலிலிருந்து ஆறு வாரம் தள்ளி ஆரம்பிக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி திடீரென்று எழுந்தால் பூஞ்சையோடு மூளைக்குள்ளேயே சண்டை நடந்து வீக்கம் கூடி உயிருக்கே ஆபத்தாகும். முதலில் ஆம்போடெரிசின் டிரிப். அது ஏறும்போது குளிர் நடுக்கம் வரும், பொட்டாசியம் இறங்கும், சிறுநீரகம் பாதிக்கும், அதனால் முன்னாலேயே ஒரு பாட்டில் சலைன் ஏற்றுவார்கள். பிறகு ஃபுளுகோனசோல் மாத்திரை மாதக்கணக்கில். அந்தம்மாவுக்கு இதை டாக்டர்கள் சொல்லியிருப்பார்கள், ஆனால் வார்டில் நிற்கிற பதற்றத்தில் காதில் ஏறாது. நான் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். பையன் பிழைத்துவிட்டான், ஒரு கண்ணில் பார்வை மங்கல். சிடி4 இறங்கினவர்களுக்கு ரத்தத்திலேயே இந்தப் பூஞ்சைக்கு ஒரு சோதனை இருக்கிறது, தலைவலி வருவதற்கு முன்பே பிடித்து மாத்திரையில் அடக்கலாம். சிடி4 200க்குக் கீழே என்று யாராவது சொன்னால் அந்தச் சோதனை, கிராக் என்பார்கள், எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். புது மருந்து ஆரம்பித்துப் பத்து நாளில் அற்புதம் நடக்கவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலையில், "பாப்பா ஸ்கூலுக்குப் போயிட்டாளா?" என்று அவராகக் கேட்டார். அவராக ஒரு கேள்வி கேட்டு ஐந்தாறு மாதம் இருக்கும். மூன்றாம் மாதம் விரல் தட்டுவது வேகமானது, நடை நேரானது. ஆறாம் மாதம் மறுபடி எல்.பி., அவரே கட்டிலில் ஏறி முழங்காலை மடித்துச் சுருண்டுகொண்டார். தண்ணீரில் கிருமி கண்டறிய முடியாத அளவு என்று வந்தது. வலிப்பு பிறகு வரவே இல்லை. 2020 ஊரடங்கில் மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தார்கள், ஒரு வேளைகூட விடவில்லை.

முழுக்கத் திரும்பிவிட்டாரா என்று கேட்டால் இல்லை. வீக்கத்தால் மந்தமானது திரும்பியது, ஏற்கனவே செத்த நரம்பு திரும்பவில்லை, அதனால்தான் அந்த எட்டு மாதம் என் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கணக்கு வழக்கு, அளவு எடுப்பது நான். வெட்டுவது, தைப்பது அவர். ஒரு நேரத்தில் ஒரு உருப்படிதான் மேஜையில் இருக்கும், ரேடியோ போட மாட்டோம். கைத்துணி வெட்டும் முன்னால் சாக்கட்டியால் ஒன்றில் 'வ', இன்னொன்றில் 'இ' என்று எழுதிக்கொள்கிறார். மாத்திரைக்குச் செல்போனில் அலாரம், எடுத்ததும் காலண்டரில் ஒரு கோடு. காலையில் அரை மணி நேரம் நடை. பி.பி., சுகர் ஏறாமல் பார்த்துக்கொள்கிறோம், அவை இரண்டும் மூளையின் ரத்தக் குழாயைக் கெடுக்கும், எங்களுக்கு இன்னொரு பக்கம் கெடுவதற்கு இடம் இல்லை.

இதைப் படித்துவிட்டு ரத்தச் சோதனையை நம்பக் கூடாது போல என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ரத்தத்தில் கண்டறிய முடியாத அளவில் தொடர்ந்து இருந்தால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது, அது அப்படியேதான் இருக்கிறது. மூளை சந்தேகம் வந்தால் யாரும் தானாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது, நிறுத்தினால் எல்லா இடத்திலும் கிருமி எழும். மறதி என்றாலே இதுதான் என்றும் இல்லை, பி12 குறைவு, தைராய்டு, தூக்கமின்மை, குடி, மனச்சோர்வு எல்லாமே மறதி தரும், அவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மூன்று நாலு வாரத்துக்கு மேலாக ஒருவர் மெதுவாகிக்கொண்டே போனால், தனக்கு ஒன்றும் இல்லை என்று அவரே சொன்னாலும், கூட வாழ்கிறவர்தான் சொல்ல வேண்டும், அவருக்குத் தன்னைப் பற்றித் தெரியாது. மாத்திரை வாங்கப் போகும்போது ஆளையும் உள்ளே கூட்டிப் போங்கள். என்ன தப்பு செய்தார், எந்தத் தேதியில் என்று எழுதிக் கொண்டுபோங்கள். "மறதியா இருக்கார்" என்றால் எல்லோரும் வயசு என்பார்கள், "தீபாவளியப்ப சட்டைக்கு ரெண்டு இடது கை வெட்டினார்" என்றால் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

இப்போது எங்கள் மையத்தில் யாராவது எல்.பி. வேண்டாம் என்று சொன்னால், அவர்கள் சம்மதித்தால், கவுன்சிலர் தங்கச்சி எனக்குப் போன் போட்டுக் கொடுக்கிறார். நேரில் பார்க்கும்போது நான் அவர்களை என் முன்னால் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகில் எங்கே தண்டுவடம் முடிகிறது, எங்கே ஊசி போகும் என்று தொட்டுக் காட்டுகிறேன். போன வாரம் ஒரு அம்மா வந்தார், மகனுக்குப் பத்து நாளாகத் தலைவலி, வாந்தி. அவரும் காலு போய்விடும் என்றுதான் அழுதார். நேற்று சாயங்காலம் சம்மதித்துவிட்டார். நாளைக்குக் காலையில் எல்.பி., ஐந்தே முக்கால் பஸ்ஸில் நானும் கூடப் போகிறேன்.